வெருகலுக்கு ஒரு றேடியோ: ஆர் நடத்துறது?

ஒரு வாசகர் கேட்டது, 2025 ஜூலை 27
"அமெரிக்காவில பழங்குடி ஆக்களின்ட றேடியோ ஸ்டேஷன்களுக்குக் காசு வெட்டிட்டாங்கள் எண்டு எல்லாரும் அழுகினம். எல்லாற்ற கையிலயும் போன் இருக்கிற காலத்தில ஆருக்கு றேடியோ? எங்கட திருகோணமலையில மூதூர், வெருகல் பக்கத்து வேடர் ஆக்கள் ஸ்டேஷன் இல்லாமத்தானே இவ்வளவு காலமும் இருக்கினம். என்ன குறைஞ்சு போச்சு?"

2025 ஜூலை 27, இரவு
என்ன குறைந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். அங்கே வெட்டினது எதை என்று தெரிந்துகொண்டு பேசுவோம்.

அமெரிக்காவில் 1967இல் சட்டம் போட்டு, பொது ஒலிபரப்புக்கென்று ஒரு கூட்டுத்தாபனம் வைத்தார்கள். அரசு காசு கொடுக்கும், நிகழ்ச்சியில் கை வைக்காது என்பது ஏற்பாடு. இந்த மாதம் 24ஆம் திகதி ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார். அடுத்த 2 வருடத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டொலர் திரும்பிப் போய்விட்டது. நியூயோர்க் ஸ்டேஷனுக்கு இது நோகும், உயிர் போகாது. கேட்கிற ஆட்கள் கைக்காசு போடுவார்கள்.

அலாஸ்காவில் பெத்தேல் என்று ஒரு ஊர். அங்கே கே.வை.யூ.கே என்ற ஸ்டேஷன் 1971 முதல் அங்கத்தைய பழங்குடிகளின் யூப்பிக் மொழியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருக்கிறது. சுற்றிவர இருக்கிற கிராமங்களுக்கு றோட்டே கிடையாது. மாரியில் உறைந்த ஆற்றுக்கு மேலால் வாகனம் ஓடும், கோடையில் வள்ளம், அவசரமென்றால் சின்ன விமானம். அந்த ஸ்டேஷனின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த வெட்டுப்பட்ட காசுதான். அந்தப் பனிக்குள் நன்கொடை தர எந்தக் கம்பனி இருக்கு?

இன்னொன்று. 16ஆம் திகதி, செனற்றில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அலாஸ்காக் கரையோரம் 7.3 அளவில் நிலம் நடுங்கி, சுனாமி எச்சரிக்கை விட்டார்கள். பொது வானொலிதான் கரையில் இருந்தவர்களுக்கு விசயத்தைச் சொன்னது என்று அலாஸ்கா செனற்றர் லிசா மர்கோவ்ஸ்கி, ட்ரம்பின் கட்சிக்காரிதான், சுட்டிக்காட்டினா. அப்படியும் வாக்கெடுப்பில் வெட்டுத்தான் வென்றது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரைக்கு ஒரு சொல் சொல்ல ஆருமில்லை. அதனால் இதை வாசித்தவுடன் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

2025 ஜூலை 28
அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ ஆட்களின் கே.ரி.என்.என் ஸ்டேஷன் அரசாங்கக் காசு இல்லாமல் ஓடுதே என்று எழுதினவருக்கு. ஓடுது, உண்மை. ஆனால் அது விளம்பரத்தில் ஓடுகிற ஸ்டேஷன், பொது வானொலிக் கணக்கில் வராது. நவஹோ நேஷனுக்குச் சொந்தம், 50 கிலோவாட், 1986இல் தொடங்கினது. 1996இல் சூப்பர் போல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தை நவஹோ மொழியில் வர்ணனை செய்த கெட்டிக்காரர்கள். அவர்களின் நிலம் முழு இலங்கையையும்விடப் பெரிது. விளம்பரம் கொடுக்க ஆள் இருக்கும். வெருகலில் ஆர் கொடுப்பது? ஒரு உரக்கடை, ஒரு அடைவுகடை. இரண்டும் ஒரே நாளில் விளம்பரம் போட்டால் திருவிழா.

2025 ஜூலை 30
"வேடர் மகியங்கனையில, தம்பானையில எல்லோ இருக்கினம், திருகோணமலையில ஏது?" என்று ஒரு தம்பி. தம்பி கொழும்பில் பிறந்து வளர்ந்தவர் போல. கோபமில்லை, பள்ளிக்கூடப் புத்தகமும் தம்பானைப் படத்தைத்தான் போடுகிறது: கோடரியைத் தோளில் போட்ட தாடிக்கார ஐயா.

கரையோர வேடர் பற்றி செலிக்மான் தம்பதிகள் 1911இல் வெளிவந்த தங்கள் நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், நல்லூர், சந்தோசபுரம், இலக்கந்தை, அதற்கு அங்காலே சீனன்வெளி, உப்பூறல், வெருகல் என்று இருக்கிறார்கள். வாகரைப் பக்கமும் இருக்கிறார்கள், அது மட்டக்களப்பு மாவட்டம். களப்பில் மீன், காட்டில் தேன், கொஞ்சம் சேனை, விறகு. பேச்சுத் தமிழ். வழிபாட்டில் வேறு உலகம்: உத்தியாக்கள், குமார தெய்வம், கப்பல் தெய்வம். 2006இல் சண்டை வந்தபோது மூதூர் கிழக்கே முழுதாய் எழும்பி ஓடினது. ஓடினவர்களில் இவர்களும் அடக்கம். செய்தியில் "இடம்பெயர்ந்த தமிழர்" என்ற ஒரே கணக்குக்குள் போய்விட்டார்கள்.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். தமிழ்தானே பேசுகிறார்கள், அரச வானொலியில் தென்றல் இருக்கு, கிழக்குக்குப் பிறை எப்.எம் இருக்கு, தனியாக ஒன்று எதற்கு? நியாயமான கேள்வி. யூப்பிக், நவஹோ ஆட்களுக்கு மொழியே தனி. இவர்களுக்கு அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதற்கு என்னிடம் இன்றைக்குப் பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

2025 ஜூலை 31, விடிய
யோசித்தேன். நான் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் றேடியோ திருத்துகிறவன். இப்போது பெரும்பாலும் போன் சார்ஜரும் பானும்தான், ஆனால் றேடியோவும் வருகிறது. வருகிறதில் பாதி மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தது. பிளாஸ்ரிக் உடைந்து, றப்பர் பாண்ட் போட்டு, பற்றறி ஒழுகிக் கறள் பிடித்து. கொண்டு வருகிறவர்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்று விசாரிப்பேன். பாட்டு, மரண அறிவித்தல், கடல் அறிக்கை. மரண அறிவித்தலில் தங்கள் ஊர் வராது, காசு கட்ட வேண்டும். கடல் அறிக்கை "காங்கேசன்துறை தொடக்கம் திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை" என்று போகும். இலக்கந்தைக்காரர் ஒருவர் சொன்னார்: "எங்கட ஊர் அந்த ஊடாகவுக்குள்ள கிடக்கு தம்பி."

மொழி பொதுவென்றாலும் ஊர் வராது. எந்த வளவுக்குள் யானை இறங்கினது, எந்தத் துறையில் தண்ணீர் கூட, கிளினிக் எந்தக் கிழமை, காணிக் கச்சேரி எப்போது. இதைக் கொழும்பிலிருந்து சொல்ல மாட்டார்கள், சொல்லவும் ஏலாது. போனில் சொல்லலாம் என்பவருக்கு: பாட்டாளிபுரத்துக்கு உள்ளே போய் உங்கள் போனைத் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள்.

சண்டைக் காலத்தில் பற்றறி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு பெடியன் பெடலைச் சுற்ற, டைனமோவில் வயர் இழுத்து பிபிசி தமிழோசை கேட்ட ஆட்கள் நாங்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். அந்தத் தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. 1941இல் தொடங்கினது, 76 வருடம்.

2025 ஆகஸ்ட் 3
அமெரிக்காவின் அந்தக் கூட்டுத்தாபனமே கடையைச் சாத்தப் போவதாக 1ஆம் திகதி அறிவித்திருக்கிறது. பழங்குடி ஸ்டேஷன்களுக்கு வேறு கணக்கிலிருந்து கொஞ்சம் தருவதாகத் தென் டகோட்டா செனற்றர் ஒருவர் பேசி எடுத்திருக்கிறாராம், 90 லட்சம் டொலருக்குக் கொஞ்சம் மேலே. அதைப் பல ஸ்டேஷன்கள் பங்குபோட வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு. ஒரே கையிலிருந்து காசு வந்தால் அந்தக் கை மூடுகிற அன்றைக்கு முடிந்தது.

2025 ஆகஸ்ட் 9
இதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நிலாவெளி தாண்டி வடக்கே போகிறவர்களுக்குத் தெரியும், பெரிய கோபுரங்கள், இடையில் வலை கட்டின மாதிரிக் கம்பிகள். எங்கள் ஆட்கள் "ஜேர்மன் றேடியோ" என்பார்கள். ஜேர்மனியின் டொய்ச்சவெல்ல வானொலி 80களில் கட்டின மறு ஒலிபரப்பு நிலையம், சிற்றலைக்கு 250 கிலோவாட் ஒலிபரப்பிகள். பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. (ஒரு அண்ணன் இதை வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா என்று எழுதியிருக்கிறார். அது இரணவில, புத்தளம் பக்கம். மூடியாயிற்று.)

அங்கிருந்து கண்டம் தாண்டிக் குரல் போனது. வெருகல் தெற்கே, பஸ்சில் இரண்டு மணித்தியாலம் சொச்சம். மண்ணாலே அவ்வளவு கிட்ட இருந்தும் வெருகல் குரல் ஒன்று அந்தக் கம்பியில் ஏறினதாக நான் கேள்விப்படவில்லை. சிற்றலை பக்கத்து ஊருக்குச் சரிவராது, மேலே போய் வானத்தில் பட்டு எங்கேயோ தூரத்தில் விழும், தெரியும். தொழில்நுட்பம் படித்தவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வர வேண்டாம். நான் சொல்கிறது மின்சாரக் கணக்கு. 250 கிலோவாட் நிற்கிற மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வேண்டியது 100 வாட்.

2025 ஆகஸ்ட் 10
"இலங்கையில் சமூக வானொலி இருந்ததே, கொத்மலை?" இருந்தது. ஆனால் கதையை முழுதாய்ச் சொல்ல வேண்டும், அது கொஞ்சம் கசப்பு.

மகாவலி சமூக வானொலி 1981இல் தொடங்கினது. யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவி. தயாரிப்பாளர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, ஆட்களோடு சாப்பிட்டு, அவர்களின் பேச்சைப் பதிந்து வருவார்கள். நல்ல முறை, இன்றைக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. 1986இல் கிராந்துருக்கோட்டை, 1989இல் கொத்மலை. கொத்மலை பிறகு இன்டர்நெட்டையும் றேடியோவையும் சேர்த்து உலகப் பேர் எடுத்தது.

கிராந்துருக்கோட்டை எங்கே இருக்கு? மகாவலிக் குடியேற்றத் திட்டத்தின் சி வலயத்தில், தம்பானைக்குக் கிட்ட. அந்த வலயத்துக்கும் மாதுறு ஓயாவுக்கும் இடையில்தான் வேடர் காடு போனது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் அறிவித்து, வேடர் குடும்பங்களை வெளியே எடுத்து ஹெனானிகலையில் வயல் காணி கொடுத்து இருத்தினார்கள். வேட்டைக்குப் போனவரைக் கமக்காரர் ஆக்கியாயிற்று. மூன்று வருடத்தில் பக்கத்தில் சமூக வானொலி வருகிறது, குடியேறின கமக்காரருக்கு. வானொலி செய்தவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. காட்டை எடுத்த திட்டமே மைக்கையும் கொண்டு வந்தால், அந்த மைக்கில் காடு போன கதையை எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று மட்டும் கேட்கிறேன்.

அவை எல்லாமே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கிளைகள். ஊருக்குச் சொந்தமான ஸ்டேஷனுக்கு இந்த நாட்டில் தனி அனுமதி வகை இல்லை. பெயரில் சமூகம் இருந்தால் போதாது.

2025 ஆகஸ்ட் 17
எனக்கு நேர்ந்த ஒன்று. சண்டை முடிந்து கொஞ்ச வருடத்தில், ஒரு தொண்டு நிறுவனம் "மரபைப் பதிவு செய்தல்" என்று வந்தது. ஒலிப்பதிவுக் கருவி பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். அப்போதுதான் கிண்ணியாப் பாலமெல்லாம் வந்து ஆறு கடக்கிற பாதைக்கு (மிதவைக்கு) காத்து நிற்கிற காலம் முடிகிறது. ஒரு சடங்கு, இரவு முழுக்க. உடுக்குச் சத்தம் மைக்கைப் பிளந்துவிடும் போல, நான் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். சடங்கை நடத்துகிற கட்டாடியார் ஒரு இடத்தில் என்னைக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்தப் பகுதி பதியக் கூடாது. நான் நிறுத்தினேன். கூட வந்த பிள்ளை தன் போனில் பதிந்துகொண்டே இருந்தா.

பதிந்தது கொழும்புக்குப் போனது. ஒரு சீடி, நல்ல அட்டை, மூன்று மொழியில் முன்னுரை. ஊருக்கு வந்ததா என்று கேட்டேன், அனுப்புவோம் என்றார்கள். பிறகு அந்தத் திட்டக் காசு முடிந்து அலுவலகமும் எழும்பிப் போனது. பாடினவர்களுக்குத் தங்கள் பாட்டைத் திருப்பிக் கேட்கிற பாக்கியம் கிடைக்கவில்லை. ஊருக்கென்று ஒரு றேடியோ இருந்திருந்தால் அடுத்த கிழமையே போயிருக்கும். எதைப் போடக் கூடாது என்று கட்டாடியாரே வந்து சொல்லியிருப்பார். எனக்கு இதுதான் பிரதானம். ஆரும் வந்து பதியலாம், எதை விடுகிறது என்று தீர்மானிக்கிற கதிரையில் ஆர் இருக்கிறது?

2025 ஆகஸ்ட் 19
மேலே எழுதினதுக்கு "நீங்கள் உணர்ச்சிவசப்படுறீங்கள் அண்ணை" என்று ஒரு தங்கச்சி. ஓம். அதுக்கென்ன.

2025 செப்டெம்பர் 6
சட்டம் கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில்.

குவாத்தமாலாவில் அலைவரிசையை ஏலம் விடுவார்கள், கூடக் காசு கேட்டவனுக்கு. மாயா ஆட்களிடம் ஏது காசு? அனுமதி இல்லாமல் நடத்தினார்கள், பொலிஸ் வந்து பெட்டியைத் தூக்கினது. சும்பாங்கோ ஊர் உட்பட நாலு சமூகங்கள் அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2021 ஒக்டோபரில் வென்றன. பழங்குடிகளின் வானொலிக்கு அரசு இடம் ஒதுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. நியூசிலாந்தில் மாவோரிகள் அலைவரிசையிலும் தங்களுக்குப் பங்குண்டு என்று வழக்காடினார்கள். 1987இல் வெலிங்டனில் தொடங்கி, இன்று 20க்கு மேற்பட்ட குல வானொலிகள், அரசுக் காசில். அவுஸ்திரேலியாவில் அலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980 முதல் பழங்குடிகளே நடத்துகிற காமா என்ற ஒலிபரப்பு நிறுவனம் இருக்கு.

அக்கரையைப் பாருங்கள் என்றால் எல்லாரும் பாம்பனைக் காட்டுவார்கள். கடலோசை, 2016, மீனவருக்கு மீனவரே. பார்க்கப் பொறாமைதான். தெலுங்கானாவில் மச்னூரில் தலித் பெண்கள் 2008 முதல் சங்கம் வானொலி நடத்துகிறார்கள். காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2006இல் தொண்டு அமைப்புகளுக்குக் கதவு திறந்ததும்தான் காரணம். ஆனால் அதை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். அங்கே சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். காணி பிடிக்கிறான் என்று சொல்ல முடியாத றேடியோ எங்களுக்கு எதற்கு?

2025 ஒக்டோபர் 20
அலாஸ்காவை மறந்திருந்தீர்கள் என்றால்: 12ஆம் திகதி ஹாலோங் சூறாவளியின் மிச்சம் அடித்து கிப்னக், குவிகிலிங்கோக் என்ற இரண்டு கிராமங்களில் வீடுகள் ஆட்களோடு மிதந்து போயிருக்கின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி அங்கரேஜுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிராமங்களின் றேடியோ, காசு வெட்டுப்பட்ட அதே கே.வை.யூ.கே.

அந்த ஸ்டேஷனின் பழைய வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் மேர்பொக் புயலுக்குப் பிறகு நிவாரண விண்ணப்ப விளக்கத்தை யூப்பிக்கில் அச்சடித்து அனுப்பினது அமெரிக்க அரசு. வாசித்தால் ஒரு வசனமும் விளங்கவில்லை, வேறெங்கோ பழைய புத்தகத்திலிருந்து பொறுக்கின சொற்கள். அதைக் கண்டுபிடித்துச் செய்தியாக்கினது இந்தச் சின்ன ஸ்டேஷன். மொழி தெரிந்த நிருபர் அங்கே இருந்தபடியால்தான். எங்கள் நாட்டில் தமிழில் வருகிற அரச படிவங்களைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

2025 டிசம்பர் 7
இரண்டு கிழமையாக எழுத முடியவில்லை. டித்வாப் புயல்.

நவம்பர் 27 இரவிலிருந்து கரண்ட் இல்லை, பிறகு சிக்னலும் இல்லை. மலையில் பெய்த மழை மகாவலியால் எங்களிடம்தான் வரும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்டியில் மண் சரிந்த செய்தி கேட்டவுடன் மூதூரும் வெருகலும் எழும்பியிருக்க வேண்டும். தண்ணீர் வந்து சேர நேரம் இருந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. நாடு முழுக்க 600க்கு மேல் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, வந்ததும் முகநூலில். கரண்ட் இல்லாத ஊரில் முகநூல்.

தண்ணீர் வடிந்த பிறகு கடைக்கு ஒரு அம்மா வந்தா, ஈச்சிலம்பற்றுப் பக்கம். சேறு நிரம்பின றேடியோ. "இது பாடினதடா மனே, ஆனா எங்களுக்குத் தண்ணி வருது எண்டு சொல்லேல்ல." கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஸ்பீக்கர் போயிட்டுது, மாற்ற வேண்டும்.

2025 டிசம்பர் 9
வட்ஸ்அப் குழுவில் ஊர்ப் பெடியள் தகவல் போட்டார்கள், அதையும் சொல் என்று ஒருவர். போட்டார்கள், உயிர் காத்தார்கள், மறுக்கவில்லை. அதே குழுவில் "மகாவலி அணை எல்லாம் உடைஞ்சிட்டுது" என்ற பொய்க் குரல் பதிவும் வந்தது. ஒரு கிழவி அதைக் கேட்டு இரவில் கோழியையும் தூக்கிக்கொண்டு கோயில் கூரைக்கு ஏறிவிட்டா என்று கதை. (கோழி பிழைத்தது.) றேடியோவில் ஒருவன் பொய் சொன்னால் அடுத்த நாள் அவன் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம். ஊர் ஸ்டேஷனில் குரல் தெரியும், வீடு தெரியும், தாய் தகப்பனும் தெரியும்.

2026 ஜனவரி 11
கன பேர் இப்போது "ஸ்டேஷன் வேணும்" என்கிறீர்கள். எனக்கு இப்போது வேறு பயம். புயல் நிவாரணக் காசு வருகிற நேரம் இது. ஒரு திட்டம் வரும், 3 வருடம், மூன்று மொழிப் பெயர்ப்பலகை, திறப்பு விழா, பிறகு பூட்டு. இல்லையென்றால் அரசியல்வாதி ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல் என்று சில நேரம் தோன்றும். தென் டகோட்டாவில் லக்கோட்டா ஆட்களின் கிலி என்ற ஸ்டேஷன் 1983 முதல் நிற்கிறது. மின்சாரச் செலவைக் குறைக்கக் காற்றாடி கூட நட்டவர்கள். அப்படி நின்றவை எல்லாம் ஊரே சண்டை பிடித்து, ஊரே காசு சேர்த்து நிறுத்தினவை.

அதனால் என் கட்சி இப்போது இது. முதலில் அனுமதி, கோபுரம் என்று ஓட வேண்டாம். பிறை எப்.எம்மிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கேட்போம், மாலையில், வள்ளம் கரைக்கு வந்த பிறகு. காலை நேரம் தந்தால் வாங்கக் கூடாது, காலையில் அந்த ஊர்களில் ஆள் வீட்டில் இல்லை. தயாரிப்பு அங்கே உள்ள பிள்ளைகள், அறிவிப்பும் அவர்கள். திருகோணமலை டவுனிலிருந்து ஒருவரும் போய் "அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கக் கூடாது, நான் உட்பட. அந்த மணித்தியாலத்தை ஒரு வருடம் விடாமல் நடத்தினால் அனுமதி கேட்கப் போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

2026 ஜனவரி 12
பதிய என்ன வேண்டும் என்று சீனன்வெளிப் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறா. தங்கச்சி, இப்போதைக்கு உங்கள் போன் போதும். காற்றடித்தால் மைக் ஓட்டைக்கு மேல் மெல்லிய பருத்தித் துணி ஒரு சுற்று. கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பேசுகிறவரின் வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண். பதிந்ததை முதலில் பேசினவருக்கே போட்டுக் காட்டுங்கள், அவர் ஓம் என்றால் மட்டும் எனக்கு அனுப்புங்கள். வெட்டி ஒட்டுகிற வேலையை நான் பார்க்கிறேன், காசு வேண்டாம். பழைய றேடியோ கிடந்தால் அதையும் கொடுத்து அனுப்புங்கள், ஸ்பீக்கர் ஒன்று தேவைப்படுது.